ஒன்பதாம் கட்டத்துப் பச்சை

இதற்கு யாரோ சோறு போட்டிருக்கிறார்கள்.

அந்த நினைப்பு வந்ததும் ப்ரியம்வதா பலகைப் பாதையின் நுனியிலேயே நின்றுவிட்டாள். பதினெட்டு வருடமாகச் செடிகளின் சத்தை அளந்து பிழைப்பவள், 'இங்கே ஏதோ ஊட்டம் சேர்ந்திருக்கிறது' என்றுதான் நினைத்திருக்க வேண்டும். எதிரே இருந்த பச்சை அப்படி நினைக்க விடவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இலையை மூடாமல் இன்னும் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல இருந்தது அது.

ஏப்ரல் மாதத்துக் காலை. டெக்சஸில், ஆலன் ஊரில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து தென்கிழக்கே இரண்டரை மணி நேரம் காரோட்டி வந்தால், ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்காக விட்டுக்கொடுத்திருக்கும் நாற்பது ஏக்கர் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி. காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அடியில் பத்தடி ஆழத்துக்குப் பீட். செத்த பாசி ஆயிரக்கணக்கான வருடங்களாக மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகக் கிடந்து கறுத்துப்போன மண். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. சாப்பாட்டுக்குத்தான் பஞ்சம். மட்காத பாசி, செத்த பிறகும் மூடிய கையைத் திறக்காது. தன்னிடம் இருக்கும் சத்தை யாருக்கும் விடாது. முளைத்து வரும் எதுவும், மழையும் மணலிலிருந்து கசியும் நீரும் கொண்டுவரும் கொஞ்சநஞ்சத்தை வைத்துத்தான் காலந்தள்ள வேண்டும். முப்பது வயது மேப்பிள் மரம் அங்கே அவள் முட்டிக்கு மேல் வராது. குடுவைச் செடிகள் மண்ணை நம்பாமல் வாயைத் திறந்துகொண்டு பூச்சிக்காகக் காத்திருக்கும்.

அந்த நிலத்தில் அவள் இருபத்து நான்கு சதுரக் கட்டங்கள் பிரித்து வைத்திருந்தாள். எட்டு வருட வேலை. சில கட்டங்களுக்கு நைட்ரஜன் கொடுப்பாள், சிலவற்றுக்குப் பாஸ்பரஸ், சிலவற்றுக்கு இரண்டும். ஆறு கட்டங்களுக்கு எதுவும் கிடையாது. அந்த ஆறும் பட்டினியாகவே இருந்தால்தான் மற்றவை தின்று என்ன ஆயின என்று சொல்ல முடியும். ஒன்பதாம் கட்டம் அந்த ஆறில் ஒன்று. கோடியில் இருப்பது. வெள்ளம் பலகைப் பாதையை அடித்துக்கொண்டு போனதால் மூன்றரை வருடமாக அங்கே யாரும் போகவில்லை. போன வாரம்தான் புதுப் பலகை போட்டார்கள்.

அந்தக் கட்டத்தில் இப்போது ஒரு மேப்பிள் அவள் தோள் உயரத்துக்கு நின்றது. அதைச் சுற்றிக் கோரையும் பெரணியும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. அவற்றின் காலடியில் பாசி வெளுத்து, ஈரக் காகிதம் போல நைந்து கிடந்தது.

பச்சைக்கு ஒரு வடிவம் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லிட்டது. பலகைப் பாதை முடியும் இடத்தில், ஒரு சாண் அகலத்தில் தொடங்கியது. ஏழெட்டுத் தப்படி நேராகப் போனது. கொஞ்சம் இடது பக்கம் வளைந்தது. கட்டத்தின் நடுவில் போய் அகன்று வட்டமாக நின்றுவிட்டது. யாரோ நடந்து போயிருக்கிறார்கள். உள்ளே போன தடம் பச்சையாக இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

அவள் பலகையிலிருந்து ஒரு காலை இறக்கிப் பாசியின்மேல் வைத்தாள். தரை அமுங்கி அலை போல நடுங்கியது. இருபதடி தள்ளி அந்த மேப்பிள் தலையை ஆட்டியது.

இது நடக்கிற விஷயம்தான். மிதக்கிற தரை, ஓரத்தில் மிதித்தால் நடுவில் ஆடும். மாணவர்களுக்கு அவளே குதித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறாள். ஆனால் அன்று காலை காற்றே இல்லாத அந்த வெளியில், மற்ற குட்டை மரங்கள் எல்லாம் அசையாமல் இருக்க, தின்று கொழுத்த அந்த ஒன்று மட்டும் 'வா' என்பது போல ஆடியதும் அவள் காலை எடுத்துக்கொண்டாள். பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டு, உள்ளே போய் இலைகளைப் பறித்து உறையில் போட்டாள். மண்ணும் எடுத்தாள். வேலை முடியும்வரை மரத்துக்கு முதுகைக் காட்டவில்லை.

இந்த மரம் பிழைத்து நிழல் விரித்தால் அடியில் இருக்கும் பாசி சாகும். பாசி செத்தால் பீட் காயும். காய்ந்த இடத்தில் அடுத்த மரம் வரும். ஒரு மூலையில் தொடங்கினால் போதும், பசியிலேயே ஆயிரக்கணக்கான வருடம் உயிரோடு இருந்த நாற்பது ஏக்கரும் ஒரு தலைமுறையில் சாதாரணக் காடாகிவிடும். திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு காரோட்டினாள். பயந்தது இதற்காக மட்டும்தானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து லேபிலிருந்து ஸ்ம்ருதி கூப்பிட்டாள். ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்த ஆராய்ச்சி மாணவி. லேபில் 'டாக்டர்', கோயிலில் 'ஆன்ட்டி' என்று கூப்பிடும் பழக்கத்தில் இரண்டும் சில சமயம் குழம்பிவிடும்.

"டாக்டர் ஆன்ட்டி, உங்க நைன் ரொம்ப வியர்டா இருக்கு. பாஸ்பரஸ் எக்கச்சக்கம். கால்சியமும். பட் நைட்ரஜன் கெடையாது. ஐ மீன், பக்கத்து ப்ளாட்ல எவ்ளோவோ அவ்ளோதான்."

"மான் ஏதாவது செத்திருக்குமா?"

"அதான் நானும் நெனச்சேன். பட் மான்னா மீட் இருக்கும், ஸ்கின் இருக்கும். நைட்ரஜன் ஏறிருக்கணுமே. இது வெறும் எலும்பு மட்டும் மாதிரி இருக்கு. மண்ணோட ஆசிட்கூடக் கொறஞ்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "யாராவது எலும்பை எரிச்சுக் கொண்டுவந்து போட்டா இப்டி வரும். பட் ஹூ டஸ் தட்?"

சமையலறையில் நின்றுகொண்டிருந்த ப்ரியம்வதா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரு பேன்ட் ஞாபகம் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டில், மாமியாரின் அஸ்தியைக் கரைக்கப் போன அவள் கணவன் சேனாபதி தனியாகத் திரும்பி வந்த அன்று போட்டிருந்த சாம்பல் நிறப் பேன்ட். கால்வெஸ்டன் கடலில் கரைத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். அதைத் துவைக்கப் போட்டவள் அவள்தான். இரண்டு கால் ஓரத்திலும் முழங்கால்வரை தேத்தண்ணீர் நிறத்தில் கறை. கடல் அந்த நிறத்தில் கறை வைக்காது. அவளுடைய களப் பேன்ட்டுகள் ஐந்திலும் அதே கறை உண்டு. இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குத் துக்க வீடு என்று அன்று காரணம் சொல்லிக்கொண்டாள்.

மாமியார் வசந்தாமணி கோபிசெட்டிபாளையத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருடமே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியலை ப்ரியம்வதா படித்தபோது சிரிப்பு வந்தது. பாஸ்பரஸ் குறைக்க வேண்டும், பொட்டாசியம் குறைக்க வேண்டும். வேலையில் அவள் எதைக் கிராம் கிராமாக அளந்து கொடுத்தாளோ, வீட்டில் அதையே கிராம் கிராமாக அளந்து எடுக்க வேண்டியிருந்தது. பருப்பு கிடையாது. வாழைப்பழம், தேங்காய், பால் கிடையாது. உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் நான்கு மணி நேரம் ஊறவைத்து, சத்தை இறக்கிக் கொட்டிவிட்டுச் சக்கையைச் சமைத்தாள். சேனாபதி தட்டைப் பார்ப்பான், எதுவும் பேசாமல் எழுந்து போவான். எழுந்து போக அவனால் முடிந்தது. அளக்கிற வேலை அவளிடம் இருந்தது.

வசந்தாமணிக்கு நாக்கு சும்மா இருக்காது. "என்ற மருமக என்னையும் ஒரு கட்டத்துல வெச்சிருக்கறா," என்று போனில் ஊருக்குச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரே ஒரு தடவை அவரை அந்த நிலத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். மடக்கு நாற்காலியில் பலகை ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மிணி, இந்த மரமெல்லாம் இப்பிடிக் குறுகிக் கெடக்குது?"

"மண்ணுல சத்து இல்லீங்கத்தை."

"உன்றகிட்ட உரம் இருக்குதல்லோ. ஒரு கை வெக்கறது."

"வெச்சா இந்த எடமே செத்துப் போயிருமுங்க. பசியிலயே பழகுனதுங்க இது."

வசந்தாமணி அவளைத் திரும்பிப் பார்த்தார். "பசியில யாரும் பழகறதில்ல, கண்ணு. கேக்கறத நிறுத்திக்கறாங்க, அவ்வளவுதான்."

அதைக் கோபமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றைக்கும் அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அவர் கேட்பதை நிறுத்தவில்லை என்பது மட்டும் தெரியும். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு இளநீர் கேட்டார். அதில் இருக்கிற பொட்டாசியத்துக்கு நெஞ்சு அப்போதே நின்றுபோகலாம். "வேண்டாங்கத்தை," என்றாள் ப்ரியம்வதா. இரண்டு நாள் கழித்து, எதையும் குடிக்காமலே, தூக்கத்தில் நெஞ்சு நின்றது.

அவள் சரியாகத்தான் செய்தாள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அவளை உறுத்தியது வேறு. 'வேண்டாங்கத்தை' என்று சொன்னபோது தன் குரல் எவ்வளவு மென்மையாக இருந்தது என்பதை அவளே கேட்டிருந்தாள். அந்த மென்மை அவளுக்குப் பிடித்திருந்தது. மறுக்கிற அதிகாரம் கையில் இருந்தும் அன்பாகப் பேசுகிற ஒருத்தியாகத் தன்னைப் பார்த்துக்கொள்வது பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை சேனாபதி பிளானோவிலிருந்து வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏனுங்க, அத்தையைக் கால்வெஸ்டன்லயா கரைச்சீங்க?"

அவன் இன்னொரு ஷூவைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டான். "யாரு சொன்னா?"

"அத்தையே வந்து நிக்கறாங்க. என் தோள் உசரத்துக்கு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மறைக்க முயலவில்லை. நான்கு வருடமாக யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தது முகம்.

"அம்மா சொல்லுச்சு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே சொல்லுச்சு. கடல்ல கொட்டி வீணாக்காத, உப்புத் தண்ணிக்கு நான் எதுக்கு, மருமக நெலம் பசியாக் கெடக்குது, அங்க போட்டுருன்னுச்சு."

"ஓடற தண்ணியில கரைக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பேர்லேண்ட் கோயில்ல ஒரு ஐயர்கிட்ட போன்லயே கேட்டேன். அப்ப கொரோனா, யாரும் நேர்ல வர்றதில்ல. கசியற தண்ணி ஓடற தண்ணியாகுங்களான்னு கேட்டேன். கசிஞ்சாலும் ஓடறதுதானேன்னு சொன்னாரு. நெலத்து கேட்டைத் தொறக்கற நம்பர் உன் போன்ல இருந்துச்சு." பிறகு குரல் இறங்கியது. "போகப் போகக் கொட்டிட்டே போனேன். நடுவுல போறதுக்குள்ள பானை காலியாயிருச்சு. திரும்பி வர்றப்போ கையில ஒண்ணுமில்ல."

திரும்பி வந்த தடம் ஏன் இல்லை என்று அவளுக்கு இப்போது புரிந்தது. புரிந்ததால் பயம் குறையவில்லை. இருபத்து நான்கு கட்டங்களில், எதுவுமே கொடுக்கக் கூடாத கட்டம் ஒன்றை அவன் எப்படித் தேர்ந்தெடுத்தான் என்று கேட்டாள்.

"கோடியில இருந்துச்சு. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்," என்றான் சேனாபதி. கழற்றிய ஷூவை ஓரமாக வைத்தபடி, "நல்லா வந்திருக்குதா?" என்று கேட்டான்.

மே மாதக் கடைசி சனிக்கிழமை அவனும் கூட வந்தான். வசந்த காலத்துக்கான நைட்ரஜன் கரைசலைக் கட்டங்களுக்கு ஊற்ற வேண்டிய நாள் அது. அவள் தோளில் கேன், கையில் அளவுக் குவளை. அவன் வெறுங்கையோடு, பின்னால் அவள் மிதித்த பலகையைப் பார்த்து மிதித்து நடந்தான்.

காலை பதினொரு மணி வெயில். தவளைகூடக் கத்தவில்லை. குடுவைச் செடிகள் ஆயிரம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பலகை முடிந்ததும் சேனாபதி அவளைக் கேட்காமலே பாசியில் இறங்கினான். தரை நடுங்கிற்று. நடுவில் மேப்பிள் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அவன் நின்றான். இன்னொரு எட்டு வைத்தான். அது மறுபடியும் ஆட்டியது. அவன் முகம் குழந்தை முகம் மாதிரி ஆனதை அவள் பலகைமேல் நின்றபடி பார்த்தாள்.

"தெரியுது, ப்ரியா. அதுக்கு என்னையத் தெரியுது."

"தரை மெதக்குதுங்க. நீங்க மிதிச்சா ஆடும்."

"தெரியும்," என்றான், கேட்காதவன் போல. மரத்தின் அருகே போய் ஒரு இலையைக் கையில் ஏந்தினான். "ஏன் இப்பிடி வெளுத்திருக்குது?"

அவளும் அப்போதுதான் பார்த்தாள். அடிக் கிளைகளின் இலைகள் ஏப்ரலில் இருந்த கரும்பச்சையை இழந்திருந்தன. நரம்போரம்கூட மஞ்சள் ஏறியிருந்தது. ஒரு மாதத்தில் கீழ்க்கிளை பாதி உதிர்ந்திருந்தது. அவளும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றாள். எலும்பு கொடுத்த பாஸ்பரஸை வைத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் வளர்ந்துவிட்டது. வளர வளர, மண்ணில் இருந்த கொஞ்ச நைட்ரஜனையும் உறிஞ்சித் தீர்த்துவிட்டது. ஒரு பசி தீர்ந்ததும் அடுத்த பசி வந்து நின்றுகொண்டது. எது மிகக் குறைவாக இருக்கிறதோ, செடி அதுவரைதான் வளரும்.

"பசிக்குதுங்க அதுக்கு," என்றாள். தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

"எதுக்கு? அதான் நான் போட்டனே."

"நீங்க போட்டது வேற. இப்ப நைட்ரஜன் இல்ல."

அவன் அவள் தோளில் தொங்கிய கேனைப் பார்த்தான். அவளும் அவன் பார்ப்பதைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். பூஞ்சை நோய், பூச்சி, ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"உன்றகிட்ட இருக்குதல்லோ."

அவன் கேட்ட விதம் அவன் விதமாக இல்லை. இழுத்த இழுப்பும் அந்த 'அல்லோ'வும் அவனுடையவை இல்லை. இருபது வருடம் டெக்சஸில் இருந்தவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. மரம் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் நகரவில்லை; ஆனாலும் ஆடிக்கொண்டிருந்தது. தன் கால்கள் நடுங்குவதால்தான் ஆடுகிறது என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இருக்குதுங்க."

"ஒரு கொவளை ஊத்து. ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு பெரிய எடத்துல யாருக்குத் தெரியப் போகுது."

"ஒரு கொவளையில நிக்காது. அடுத்த வருசமும் கேக்கும். ஊத்த ஊத்தப் பெருசாகும், சுத்தி இருக்கற பாசியெல்லாம் போயிரும். அப்பறம் இந்த எடமே இருக்காதுங்க."

"எடம்," என்றான் சேனாபதி. அவன் கண் நிறைந்திருந்தது. "அம்மா உன்கிட்ட கேட்டப்பவும் இப்பிடித்தான் காரணம் சொன்ன. நான் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கும் சொல்லல, இந்த நாலு வருசமும் சொல்லல. சொன்னனா?"

"சொல்லல."

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லல, ப்ரியா. ஊத்துன்னுதான் சொல்றேன். உன் கையால."

ஊற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. குவளையில் கரைசலைச் சாய்ப்பது இரண்டு நொடி வேலை. அவன் அழுகை நிற்கும். அவர்கள் வீட்டில் நான்கு வருடமாக மூடியிருந்த ஏதோ ஒன்று திறக்கும். வேரில் ஈரம் இறங்கும்போது தனக்கும் ஒரு நிம்மதி இறங்கும். அந்த நிம்மதியை அவளால் நாக்கிலேயே உணர முடிந்தது. அது அவளுக்காக ஊற்றுவதாக இருக்கும். கேட்டவருக்காக இருக்காது. கேட்டவர் இங்கே இல்லை. இங்கே இருப்பது ஒரு மேப்பிள். அதைச் சுற்றி, கொடுக்காமல் விட்டால்தான் உயிரோடு இருக்கும் நாற்பது ஏக்கர்.

அவள் குரலைத் தேடினாள். மென்மையாக ஒன்று தயாராக இருந்தது, எப்போதும் போல. அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"மாட்டேங்க," என்றாள்.

அவன் காத்திருந்தான். அவள் அதற்குமேல் காரணம் எதுவும் சொல்லவில்லை. குவளையைக் கேனின் பிடியில் மாட்டினாள். பலகைமேல் ஏறி, அவன் வருவதற்காக அங்கேயே நின்றாள்.